பதில் சொல்லாத காது

ஆணித் தொழிற்சாலையில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். எதையும் லேசில் நம்பாததால் வந்த பெயர். கேன்டீன் டீ கொஞ்சம் வெளுத்திருந்தால், "பால் யார் வீட்டுக்குப் போகுது?" என்பாள். புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தால், அவள் யார் சிபாரிசில் வந்தாள் என்று துருவிவிட்டுத்தான் சிரிப்பாள். யாராவது வலிய வந்து நல்ல வார்த்தை பேசினால் போதும், அன்றைக்கு முழுக்க அந்த ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவள் வேலை செய்த கூடம் நீளமானது. இரண்டு பக்கமும் இயந்திரங்கள். கம்பிச் சுருளை ஒரு முனையில் மாட்டிவிட்டால் இயந்திரம் கம்பியை இழுத்து, நிமிர்த்தி, கவ்வி, ஒரே அடியில் தலையைத் தட்டி, மறுமுனையைக் கூராக வெட்டித் தள்ளும். மூச்சு விடுவதற்குள் ஒரு கைப்பிடி ஆணி தட்டில் விழுந்திருக்கும். கூடத்தின் கோடியில் பெரிய உருளைகளில் ஆணியையும் மரத்தூளையும் சேர்த்துப் போட்டு உருட்டுவார்கள், பளபளப்பு வருவதற்காக. அத்தனையும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தகரக் கூரை மேல் ஓயாமல் கல்மழை பெய்வதாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் கூரை தலைக்கு மேலே அல்ல, தலைக்குள்ளே.

அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டை அகலமாக அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள். மணிக்கட்டைத் தட்டினால் நேரம் ஆகிவிட்டது, கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினால் மேனேஜர் வருகிறார். புதிதாகச் சேர்கிறவர்கள் சில வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பிறகு எடுத்துவிடுவார்கள். "பழகிடும்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பழகியும்விடும். பழகுவது என்றால் காதுக்கு என்ன ஆகிறது என்று யாரும் யோசித்ததில்லை.

ஆகவே கூடத்துக்குள் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆணியைக் கையில் அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, தலை கோணியிருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஃபிட்டருக்குக் கைகாட்டுவாள். அங்கே எல்லாரும் அவளுக்குச் சமம். அவளைக் குழப்பியது வீடுதான்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாது. மேலுதட்டை முழுக்க மூடிய மீசைக்காரர். மகள் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். சில வருடங்களாகவே அப்பாவும் மகளும் தன்னை விட்டுவிட்டு ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொள்கிறார்கள் என்று அக்காவுக்குப் பட்டது. சாப்பிடும்போது மீசை அசையும், மகள் சிரிப்பாள்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்லம்மா."

அந்த 'ஒண்ணுமில்ல' அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். பல நாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறாள். ஒட்டுக்கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக ரகசியம் பேசுகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தன் காதின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

அப்படிச் சொல்வதும் முழு உண்மை இல்லை. தொலைபேசி அடித்தால் அவள் எடுப்பதில்லை. கடையில் முகக்கவசம் போட்டவர் பில் போட்டால் மகளை முன்னே தள்ளிவிடுவாள். ஏன் என்று தன்னையே அவள் கேட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் தொழிற்சாலை வாசலில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிய காது படம். சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். அரசாங்கத்தின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்றாள். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குக் காது எப்படி மங்குகிறது, அதனால் பேச்சும் பழக்கமும் எப்படி மாறுகிறது என்று சில வருடம் தொடர்ந்து பார்க்கப்போகிறார்களாம். யார் காது எப்படி என்று நிர்வாகத்திடம் சொல்லமாட்டார்களாம். அன்றைக்கே அவளுக்குக் காதுப்பொண்ணு என்று பெயர் விழுந்துவிட்டது.

அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்தாள்.

"எங்க காது மேல அரசாங்கத்துக்கு என்ன திடீர் அக்கறை?"

எல்லாரும் சிரித்தார்கள். காதுப்பொண்ணும் சிரித்தாள். "நியாயமான கேள்விம்மா. எப்பவோ வந்திருக்கணும். இப்பதான் வர முடிஞ்சுது."

அக்கா உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருந்த குண்டூசியிடம், "நல்லாப் பேசுறா. நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களைத்தான் அனுப்புவாங்க" என்றாள். குண்டூசி பக்கத்து இயந்திரத்துக்காரி. ஒல்லியாக இருப்பாள், தலை மட்டும் கொஞ்சம் பெரிது.

அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இதே கேன்டீனில் இலவசக் கண் பரிசோதனை நடந்தது. பார்வை சரியில்லாதவர்களுக்குக் கண்ணாடி தருவதாகச் சொன்னார்கள். கண்ணாடியும் தந்தார்கள். அடுத்த மாதமே, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், மெஷின் பக்கத்துல உங்களுக்கு ஆபத்து" என்று சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அழுதுகொண்டு போனவர்களை அக்கா வாசல்வரை சென்று வழியனுப்பியிருக்கிறாள். இப்போது காது. அவளுக்குக் காதில் பூ சுற்ற முடியுமா?

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால், இவளுக்கு ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் வேறு வழி பார்த்தாள். முதலில் குண்டூசியை வேனுக்குள் போகச் சொல்லி, வந்ததும் வாயைப் பிடுங்கினாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பெட்டி மாதிரி ஒரு ரூம். காதுல மாட்டி விடுறாங்க. 'கூ'ன்னு சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். அவ கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிறா."

"நம்மளைப் பாத்த மாதிரியா உக்காந்திருக்கா?"

"இல்ல, பக்கவாட்டுல."

மறுநாள் அக்காவின் முறை. கனமான கதவு மூடியதும் அவள் இதுவரை அறிந்திராத ஒரு நிசப்தம் சூழ்ந்தது. ஆனால் காதுக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதை அவள் எப்போதும் தொழிற்சாலையின் சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். இந்தப் பெட்டிக்குள் தொழிற்சாலை எப்படி வந்தது என்று ஒரு கணம் திகைத்தாள்.

முதலில் தடித்த ஒலிகள் வந்தன. அமுக்கினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுப்பொண்ணின் வலது தோள் லேசாக உயர்ந்து தாழ்ந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும். சட்டென்று பொறி தட்டியது. அவள் அங்கே கருவியின் விசையை அமுக்கும்போதுதான் தோள் அசைகிறது!

அதன்பின் அக்கா காதை மறந்துவிட்டுத் தோளைப் பார்த்தாள். தோள் அசைந்தால் பட்டன். எல்லாவற்றுக்கும் அமுக்கினால் மாட்டிக்கொள்வோம் என்று நடுநடுவே சிலவற்றை விட்டும்விட்டாள்.

கதவைத் திறந்த காதுப்பொண்ணின் முகம் மலர்ந்திருந்தது. "எவ்வளவு வருஷமா இந்தக் கூடத்துல வேலை பாக்குறீங்க? நம்பவே முடியல. உங்க காது அருமையா இருக்கும்மா!"

டிக்கெட் எடுக்காமல் செக்கரைத் தாண்டிவந்த பயணியைப் போல அக்கா நிமிர்ந்து நடந்தாள்.

அந்த நிம்மதி சில வாரம்தான் நீடித்தது. ஒரு மாலை வீட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேசிய மகள் திரும்பி, அம்மாவுக்கு எதிரே வந்து நின்று சொன்னாள். "ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்தும்மா. உன்னை மட்டும் தனியா வரச் சொல்றாங்க."

"என்னை மட்டுமா? எதுக்கு?"

"அத்தனை பேர்லயும் உன் காதுதான் ரொம்ப விசேஷமாம். இவ்வளவு சத்தத்துல இருந்தும் கெடாம இருக்குதாம். எது காப்பாத்துதுன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கும் உதவுமாம்." சொல்லிவிட்டு மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையும் அக்காவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

கண்டுபிடித்துவிட்டார்கள். விசேஷம், உதவி என்பதெல்லாம் நைசாக வரவழைப்பதற்கான பேச்சு. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் மேனேஜர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கனத்த கதவும் தரைவிரிப்பும் உள்ள அறை. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். அக்காவுக்கு அவருடைய கன்னம்தான் தெரிந்தது. பேச்சு பாதி பாதியாக வந்தது.

"...கூப்பிட்டிருக்காங்களாமே. நல்லது... காது கேக்காதவங்க மெஷின்கிட்ட நிக்கிறது..." இங்கே ஒரு வார்த்தை நழுவியது. பிறகு அவர் திரும்பினார். "நீங்க எல்லாத்தையும் கவனிக்கிறவங்க. அங்க என்ன பேசிக்கிறாங்க, யார் யாரைப் பத்திக் கேக்குறாங்கன்னு வந்து எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க. என்ன?"

"சரி சார்" என்றாள் அக்கா. வெளியே வந்து கைகழுவும் இடத்தில் வெகுநேரம் கைகழுவினாள். வேன்காரியும் மேனேஜரும் ஒரே கூட்டம் என்பது உறுதியாகிவிட்டது அவளுக்கு.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் நாளன்று கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். காய்ச்சலில் நடுங்கினால்கூட வண்டி எடுக்கிற மனுஷன். இவருக்கு எதற்கு இன்றைக்கு விடுப்பு? பேருந்தில் போகும்போது கேட்டாள். மீசை அசைந்தது. "சும்மாதான்" என்பது போல இருந்தது.

நிலையத்தில் நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள். அவர்கள் காத்திருந்த இடத்துக்கு எதிரே ஓர் அறை திறந்திருந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போன ஒருவருக்கு அங்கே ஒரு பெண் பட அட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். கோப்பை படம். வாட்டசாட்டமான ஆள். நெற்றியில் வியர்வை பொடித்தது, வாய் கோணிக் கோணி முயன்றது. கடைசியில் "கதவு" என்றார். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவில்லை, திருத்தவில்லை, அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அடுத்த அட்டைக்குக் காத்திருந்தாள். அக்கா அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாரையும் சந்தேகப்படவில்லை.

உள்ளே போனதும் அக்கா முதலில் தேடியது பட்டனை. பட்டன் இல்லை.

"இதுல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. அசையாம உக்காருங்க, போதும். காதே பதில் சொல்லும்" என்றாள் காதுப்பொண்ணு.

"காதா? பதிலா?"

"ஆமா. நல்ல காது சத்தத்தை வாங்கிக்கிறதோட நிக்காது. உள்ளேயிருந்து அதுவும் ரொம்ப மெல்லிசா ஒரு சத்தம் எழுப்பும். நமக்குக் கேக்காது, இந்தக் கருவிக்குக் கேக்கும்."

மென்மையான சிறு குமிழ் ஒன்றை அக்காவின் காதில் பொருத்தினாள். அக்கா தோளைப் பார்த்தாள். தோளைப் பார்த்து இப்போது என்ன பிரயோஜனம்? திரையில் ஒரு கோடு கிடையாகவே படுத்திருந்தது. காதுப்பொண்ணு குமிழை மாற்றினாள். துடைத்தாள். கருவியில்தான் கோளாறோ என்று தன் காதில் வைத்துப் பார்த்தாள். கோடு துள்ளி எழுந்தது. மறுபடி அக்காவின் காதில் வைத்தாள். கோடு படுத்துவிட்டது.

"கொஞ்சம் இருங்கம்மா" என்று வெளியே போனாள்.

அக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தாழ்வாரத்தில் காதுப்பொண்ணு கணவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் தெளிவாகத் தெரிந்தன. "வீட்ல அவங்களுக்குக் காது கேக்குதா?" கணவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

அக்கா பையை எடுத்துக்கொண்டு மறுபக்கத்துக் கதவு வழியாக வெளியேறினாள். வந்த முதல் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க மாடியேறி வந்த கணவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"எத்தனை நாளா நடக்குது இது? அவளோட சேந்து என்னை வேலையை விட்டுத் தூக்கத்தான் லீவு போட்டீங்களா?"

அவர் பேசினார். மீசை அசைந்தது.

"அந்த மீசையை எடுத்துட்டுப் பேசுங்க! வாயைத் திறந்து பேசக்கூடவா பயம்?"

மகள் நடுவில் வந்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றாள். "அம்மா, உனக்குக் காது கேக்கலம்மா. எங்களுக்குப் பல வருஷமாத் தெரியும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"கேக்காமத்தான் இப்ப உன்கிட்ட பேசிட்டிருக்கேனா?"

"என் வாயைப் பாத்துப் பேசுற."

"ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினா யாருக்குக் கேக்கும்?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க குசுகுசுன்னு பேசினதே இல்லம்மா. எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறோம்."

அக்கா நம்பவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்வதாக இருக்கலாம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கணவர் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். மேலுதடு வெளிறிப்போய், யாரோ ஒரு புது ஆள்போல இருந்தார். "நேத்து அந்தப் பொண்ணு கேட்டுது, நான் பொய் சொல்லல. அவ்வளவுதான்" என்றார். ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குத் தெரிந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வேலைக்குப் போனார்.

அன்று மகளுக்கு விடுமுறை. அக்காவும் வேலைக்குப் போகவில்லை. மகள் ஜன்னல்களை அடைத்துவிட்டு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போல அவளைக் கதவோரத்திலிருந்து நோட்டம் விட்டாள். மகளின் தலை தாளத்தோடு ஆடியது, உதடுகள் ஏதோ பாட்டைப் பாடின. காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. வீட்டு ரேடியோ ஓடவில்லை, தொட்டே பார்த்துவிட்டாள். பிறகு எங்கிருந்து வருகிறது தாளம்?

அக்கா சத்தம் போடாமல் படியிறங்கினாள். இரண்டாவது மாடியில் நின்றாள், ஒன்றும் இல்லை. முதல் மாடி, ஒன்றும் இல்லை. தெருவுக்கு வந்தாள். எதிரே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. கடைக்குள் காலடி வைத்த பிறகுதான், அலமாரியில் இருந்த பழைய ரேடியோவிலிருந்து ஒரு பாட்டு அவள் காதில் விழுந்தது. மகள் பாடிக்கொண்டிருந்த அதே பாட்டு.

"என்னக்கா, சைக்கிளா?" கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்பலேர்ந்து பாடுது?"

"காலையில கடை தொறந்ததுலேர்ந்து. ஏன், தொந்தரவா இருக்கா? வீட்டுக்கு ரொம்பக் கேக்குதா?"

தான் வேவு பார்ப்பது மகளுக்குத் தெரியாது. எனவே இது நடிப்பாக இருக்க முடியாது. மூடிய ஜன்னலைத் தாண்டி மூன்றாவது மாடிக்குப் போகிற பாட்டு, தன் காதுக்கு மட்டும் தெருவைத் தாண்டவில்லை. அக்கா கடைவாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தாள். எத்தனை சாப்பாட்டு வேளைகளில் அந்த இருவர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மேலே போனாள். மகளிடமிருந்து துடைப்பத்தை வாங்கி மிச்சத்தைத் தானே பெருக்கினாள்.

அந்த வாரமே தனியாக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள்.

"அன்னிக்கு வேன்ல நான் சத்தத்தைக் கேட்டு அமுக்கல. உங்க தோளைப் பாத்து அமுக்கினேன்."

"என் தோளையா?" காதுப்பொண்ணு தன் வலது தோளைத் திரும்பிப் பார்த்தாள். உயர்த்திப் பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "உங்க காதைப் பத்தி எங்க பெரிய டாக்டர்கிட்ட எவ்வளவு பெருமையா சொல்லிட்டேன் தெரியுமாம்மா? மானமே போச்சு." நிமிர்ந்தபோது கோபமாகத்தான் இருந்தாள். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அக்கா கண் பரிசோதனைக் கதையைச் சொன்னாள். காதுப்பொண்ணின் கோபம் மெல்ல அடங்கியது. அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"இப்ப இதை மேனேஜர்கிட்ட சொல்வீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"மாட்டேன். அவரு ரெண்டு தடவை கேட்டுட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டோம்."

"எதை வச்சு நம்புறது?"

"நம்ப வேண்டாம்மா. சந்தேகம் வர்றப்பல்லாம் நேரா வந்து கேளுங்க."

அக்கா யோசித்தாள். மேனேஜர் தன்னைக் கூப்பிட்டு, அங்கே என்ன பேசுகிறார்கள் என்று வந்து சொல்லச் சொன்னாரே. இவர்கள் ஏற்கெனவே காதும் காதும் வைத்தாற்போல் அவரிடம் சொல்லியிருந்தால், அவர் எதற்குத் தன்னைப் போய்க் கேட்க வேண்டும்? இந்தக் கணக்கு அவளுக்கே தோன்றியதால் அதை நம்பினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள்.

வேன் மறுபடி வந்தது. கண்ணாடிக்கு இந்த முறை திரை போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் பரிசோதனை முதலிலிருந்து நடந்தது. அதில் ஒரு வேடிக்கை. போன தடவை நன்றாகக் கேட்டதாக வந்த இன்னும் பலருக்கு இப்போது காது பலமடங்கு மங்கியிருந்தது. தோளைப் பார்த்தவள் அக்கா மட்டும் இல்லை. குண்டூசியும் பார்த்திருக்கிறாள்.

"அடிப்பாவி, என்கிட்டகூடச் சொல்லலயே?" என்றாள் அக்கா.

"நீ சொன்னியாக்கா?" என்றாள் குண்டூசி.

இரண்டு பேரும் கைகழுவும் இடத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் குண்டூசி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழந்தை ராத்திரியில் கூப்பிட்டாலும் இவள் எழுந்திருப்பதில்லை என்று மாமியார் குறை சொல்வதை, வேண்டுமென்றே பழி போடுவதாக நினைத்து இத்தனை நாள் சண்டை போட்டிருந்தாளாம்.

அக்காவுக்கு நிலையத்தின் மூலமே காதுக்கருவி கிடைத்தது. முதல் சில நாள் அதைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது. பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம், கரண்டி உரசும் சத்தம், கணவர் மூச்சு விடும் சத்தம்கூட இம்சை செய்தது. பிறகு பேச்சும் வந்தது. ஒரு நாள் மகள் பால்கனியில் நின்று தொலைபேசியில் யாரிடமோ, "எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல, சமயம் பாத்துச் சொல்றேன்" என்று குழைவது தெளிவாகக் கேட்டது. துணிக்கடையில் கூட வேலை பார்க்கும் பையனாம். இத்தனை வருடச் சந்தேகங்களில் இது ஒன்றாவது உருப்படியாகத் தேறியதே என்று அக்காவுக்குக் கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் உண்மையாகவே மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆராய்ச்சியின் முதல் முடிவுகளைச் சொல்ல ஒரு நாள் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். காதுப்பொண்ணு யார் பெயரையும் சொல்லாமல் பேசினாள். கூடத்தில் நெடுநாள் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காது கெட்டுவிட்டது, போனது திரும்பாது என்றாள். இயந்திரங்களுக்குச் சத்தம் அடக்கும் மூடி போட வேண்டும், எல்லாருக்கும் காதுக்கவசம் தர வேண்டும் என்று தொழிலாளர் துறை உத்தரவு போட்டிருப்பதையும் சொன்னாள். கஷ்டமான சேதி என்பதாலோ என்னவோ, அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது.

அக்கா இந்த முறை நடுவில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பின்வரிசைகளில் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் கேட்காதபோது அவளும் அப்படித்தான் ஆட்டுவாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கையில் எவள் வாய் திறப்பாள்?

அக்கா எழுந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம். நீங்க பேசுறது எனக்குப் பாதிதான் கேக்குது. பின்னாடி இருக்கிறவங்களுக்கு அதுவும் கேக்கல. கொஞ்சம் சத்தமா, எங்களைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், காது கேக்காதவங்களை இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு நீங்களும் சொல்லிடுங்க. எல்லாரும் இருக்கிறப்பவே."

அவர் முகம் கடுகடுத்தது. காதுப்பொண்ணையும் அவளுடன் வந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரியையும் பார்த்தார். "அனுப்ப மாட்டோம்" என்றார்.

"கேக்கல சார்."

"யாரையும் அனுப்ப மாட்டோம்!" என்று இரைந்தார்.

அக்கா அவர் உதட்டையும் பார்த்தாள், கண்ணையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்பதில் அவளுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் இத்தனை பேர் சாட்சி இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் முதலில் குண்டூசி எழுந்து தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு வரிசையே எழுந்தது. நாற்காலிக் கால்கள் தரையில் உரசிய சத்தத்தில் காதுப்பொண்ணு பேச்சை நிறுத்திவிட்டு, எல்லாரும் வந்து உட்காரும்வரை காத்திருந்தாள்.